டிக்கெட்ல போடற பேரு: மகளுக்கு அப்பா எழுதறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்த வாரம் ஃப்ளைட் டிக்கெட் போடப்போறியாம், அம்மா சொன்னா. போடறதுக்கு முன்னாடி இத ஒரு தடவை பொறுமையா படிச்சுடு. போன்ல சொன்னா "சரிப்பா சரிப்பா"ன்னு வச்சிடுவ, அதான் எழுதறேன்.

உன்னோடது, மாப்பிள்ளையோடது, குட்டியோடது மூணு பாஸ்போர்ட்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காரு. ஞாபகத்துல இருந்து அடிக்காத. போட்டோ இருக்கற பக்கத்துல அடியில ரெண்டு வரி இருக்கும் பாரு, வரிக்கு 44 இடம், மெஷின் படிக்கறது அதத்தான். முதல் வரியில 5 இடம் இது என்ன ஆவணம், எந்த நாடுங்கறதுக்கே போயிடும், மிச்சம் 39 தான் பேருக்கு. முதல்ல சர்நேம், அப்புறம் ரெண்டு அம்புக்குறி (<<), அப்புறம் கிவன் நேம். இது ஐசிஏஓங்கற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 9303ன்னு ஒரு ஆவணத்துல வகுத்து வச்சது, அதனால எந்த நாட்டு பாஸ்போர்ட்ட எடுத்தாலும் இதே வரிசை தான்.

மேல அச்சடிச்சிருக்கற பேரும் கீழ வரியில இருக்கறதும் சில பேருக்கு ஒண்ணா இருக்காது. கீழ வெறும் இங்கிலீஷ் பெரிய எழுத்து தான் வரும். ஹைஃபன் இருந்தா அம்புக்குறி ஆயிடும், அப்பாஸ்ட்ரஃபி விழுந்துடும், ஜெர்மன் பேர்ல 'யு' எழுத்து மேல வர்ற ரெட்டப் புள்ளி போயி பக்கத்துல ஒரு 'ஈ' எழுத்து வந்து உக்காரும், ரொம்ப நீளமான பேரா இருந்தா 39ல வெட்டிடுவாங்க. இன்னொண்ணு கவனி. ரெண்டாவது வரியில பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி, காலாவதி தேதி ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு சோதனை எண் இருக்கு, மெஷின் தப்பா படிச்சா அந்த கணக்கு இடிச்சு காட்டிக்கொடுத்துடும். பேருக்கு மட்டும் அப்படி ஒண்ணு கிடையாது. பேரு சரியா இருக்கான்னு பாக்கறது நம்ம கண்ணு தான் பாப்பா, அதனால டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாரு.

உன் விஷயத்துக்கு வரேன். கல்யாணத்துக்கு அப்புறம் பேங்க்ல, ஆபீஸ்ல எல்லாம் பேர மாத்திட்ட, பாஸ்போர்ட்ல இன்னும் பழைய பேரு தான். பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதையே டிக்கெட்லயும் போடு, விசா ஃபார்ம்லயும் அதையே போடு. ஒருவேளை கிளம்பறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்ட மாத்தற எண்ணம் இருந்தா புதுசு கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடு, அதான் நிம்மதி. பழைய பாஸ்போர்ட்ல இன்னும் செல்லுபடியாகற விசா இருந்தா பெரும்பாலும் ரெண்டையும் சேத்து காட்டினா போதும், ஆனா பேரே மாறினதால கல்யாண சர்டிஃபிகேட்டும் கையில இருக்கணும், அந்த நாட்டு தூதரக சைட்லயும் ஒரு தடவை பாத்துக்கோ. அமெரிக்காவோட எஸ்டா, கனடாவோட இடிஏ மாதிரி ஆன்லைன் அனுமதி எல்லாம் பாஸ்போர்ட் நம்பரோட கட்டினது, பாஸ்போர்ட் மாறினா திரும்ப அப்ளை பண்ணணும். நிறைய பேரு மறக்கறது இதத்தான்.

மாப்பிள்ளைக்கு பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரு, சர்நேம் காலி. புக்கிங் சைட் ரெண்டு கட்டத்தையும் நிரப்பாம விடாது. இதுக்கு ஒரே விடை கிடையாது, ஒரு ஏர்லைன் அதே பேர ரெண்டு தடவை போடச் சொல்லும், இன்னொண்ணு எஃப்என்யுன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன், அதாவது முதல் பேரு தெரியாது) போடச் சொல்லும், அதனால அவராவே எதையாவது போட வேணாம், கஸ்டமர் கேர்ல கேட்டுட்டு போடச் சொல்லு. அமெரிக்க விசாவுல ஒத்தைப் பேரு சர்நேம் இடத்துக்குப் போயி, கிவன் நேம் இடத்துல அந்த எஃப்என்யு தான் அச்சாகும், அதப் பாத்து பயந்துட வேணாம். 2022 நவம்பர்ல இருந்து யுஏஇ ஒத்தைப் பேரு பாஸ்போர்ட்ல விசிட் விசாவுக்கு வர்றவங்ககிட்ட கெடுபிடி பண்ண ஆரம்பிச்சாங்க. என்னக் கேட்டா அடுத்த தடவை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது அவரு சர்நேம் சேத்துடறது நல்லது, காலத்துக்கும் இந்த தலைவலி வேண்டாம்.

எல்லாத்துக்கும் பதறவும் வேணாம். டிக்கெட்ல பேரு முழுக்க ஒட்டி இடைவெளி இல்லாம, கடைசியில மிஸ்டர் மிஸ்ஸெல்லாம் ஒட்டிக்கிட்டு வரும், அது அவங்க சிஸ்டம் அப்படி. பயப்பட வேண்டியது வேற. கூப்பிடற பேரு, பழைய சர்நேம், இனிஷியல் ஒண்ணுல சுருக்கமா இன்னொண்ணுல விரிச்சு இருக்கறது, ஒரு எழுத்து மாறி வேற ஆள் பேராவே ஆயிடறது. செக்-இன் க்யூல எனக்கு முன்னாடி நின்ன ஒரு பொண்ணுக்கு போன் ஆட்டோஃபில் அவ வீட்ல கூப்பிடற பேர டிக்கெட்ல போட்டிருக்கு, அவளும் பாக்காம பணம் கட்டியிருக்கா. லக்கேஜ் பெல்ட் மேல ஏத்தியாச்சு, கவுண்டர்ல இருந்த பையன் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மாத்தி மாத்தி பாத்துட்டு பெட்டிய இறக்கி வைங்கன்னுட்டான். அவ முகத்தப் பாக்க முடியல.

அந்தப் பையன் மேலயும் தப்பில்ல. சரியான பேப்பர் இல்லாத ஆள ஏத்திட்டுப் போனா அந்த நாடு திருப்பி அனுப்பும், ஏர்லைனே கூட்டிட்டு வரணும், அபராதமும் கட்டணும். நிறைய நாடுகளுக்கு பயணிங்க விவரம் ஃப்ளைட் கிளம்பறதுக்கு முன்னாடியே போயிடுது. அமெரிக்கா பக்கம் பறக்கறவங்களோட பேரு, பிறந்த தேதி, ஆணா பெண்ணாங்கறது மூணையும் செக்யூர் ஃப்ளைட்னு ஒரு திட்டத்துல கண்காணிப்பு லிஸ்ட்டோட ஒத்துப் பாக்கறாங்க. பிறந்த தேதியில நாளும் மாசமும் இடம் மாறினாலும் அங்க இடிக்கும், அதையும் பாத்துக்கோ.

தப்பு கண்ணுல பட்டா நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாத. அமெரிக்காவுக்கு போற வர்ற டிக்கெட்ட ஏர்லைன்கிட்ட நேரா எடுத்து, கிளம்ப 7 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா, 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணி முழுப்பணமும் வாங்கலாம், சில ஏர்லைன் அதுக்குப் பதிலா பணம் கட்டாமலே 24 மணி நேரம் ஹோல்டு பண்ண விடும். ஏஜென்ட் மூலமா எடுத்தா ஏஜென்ட் தான் திருத்தணும், ஏர்லைன் அவங்ககிட்டயே போகச் சொல்லிடும். ரெண்டு ஏர்லைன் மாறிப் போற டிக்கெட்டா இருந்தா ஒரு எழுத்த மாத்தக்கூட இழுத்தடிப்பாங்க, அதுக்குத்தான் முதல்லயே பாக்கச் சொல்றேன்.

குட்டி மடியில தான வருதுன்னு விடாத, அவனுக்கும் பாஸ்போர்ட் வேணும், டிக்கெட்ல அவன் பேரும் அதே மாதிரி இருக்கணும். திரும்பி வர்ற நாள்ல 2 வயசு முடிஞ்சிருந்தா தனி சீட் எடுக்கணும்.

டிக்கெட் வந்ததும் எனக்கு அனுப்பு, நானும் ஒரு தடவை பாக்கறேன். ஃபேமிலி குரூப்ல போடாத, பிஎன்ஆரும் சர்நேமும் தெரிஞ்சா நிறைய சைட்ல யாரு வேணாலும் புக்கிங்க திறந்துடலாம், எனக்கு தனியா அனுப்பு.

அன்புடன்,
அப்பா