போன் வாங்கும் முன் தேதியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

பண்டிகை நெருங்கினால் செல்போன் விளம்பரம் முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொள்கிறது. "இப்பவே வாங்கலாமா, ஆஃபர் வரட்டும்னு பொறுக்கலாமா?" என்பதுதான் அந்த நாட்களில் சர்வீஸ் கடைகளில் அதிகம் கேட்கும் கேள்வி. எல்லோரும் விலையைத்தான் பார்க்கிறார்கள். அப்டேட் எதுவரை வரும் என்ற தேதியைப் பார்ப்பவர்கள் குறைவு.

முதலில் கையில் இருக்கும் போன். "ஹேங் ஆகுது, திடீர்னு ஆஃப் ஆகுது" என்று ஒதுக்கப்படும் பல போன்களில் கெட்டுப்போனது பேட்டரி மட்டும்தான். லித்தியம் அயான் பேட்டரி பழசாக ஆக, அதன் உள் மின்தடை ஏறும். கேமராவைத் திறந்ததும் ப்ராசசர் ஒரே இழுப்பில் கூடுதல் மின்சாரம் கேட்கும். வோல்டேஜ் சட்டென்று சரியும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் அப்படியே அணைந்துவிடும். இப்படி அணையாமல் இருக்கத்தான் பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரியை மாற்றியதும் வேகம் திரும்பியது. ஐபோனில் செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் என்று போனால் சதவீதம் தெரியும்; 80க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம். சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியின் டயக்னாஸ்டிக்ஸ் பகுதியில் பார்க்கலாம். மற்ற போன்களில், சார்ஜ் 40லிருந்து 15க்குத் தாவுகிறதா என்று கவனித்தாலே போதும். டிஸ்ப்ளே ஓரம் தூக்கிக்கொண்டாலோ பின்மூடி பிளந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள்.

அடுத்தது ஸ்டோரேஜ். போனில் படமும் வீடியோவும் தங்கும் ஃப்ளாஷ் மெமரியில் ஏற்கெனவே எழுதிய இடத்தை அழித்த பிறகுதான் புதிதாக எழுத முடியும். காலி இடம் தீர்ந்துவிட்டால், ஒரு போட்டோவைச் சேமிக்கவே அது பழையதை நகர்த்தி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருக்கும். 'ஸ்லோ' என்பது பாதி நேரம் இதுதான். 10 முதல் 15 சதவீதமாவது காலியாக வைத்திருங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக நிற்கும். குட்மார்னிங் வீடியோக்கள் எத்தனை ஜிபி என்று அங்கே பார்த்தால் தூக்கிவாரிப்போடும்.

சார்ஜர் மாற்றியும் சார்ஜ் ஏறவில்லையா? சட்டைப்பைப் பஞ்சு சார்ஜர் செருகும் துளைக்குள் போய்க் கெட்டித்திருக்கும். போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊக்கு வேண்டாம்; உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி வளைந்தால் வீண் செலவு.

டிஸ்ப்ளே உடைந்தால்தான் கணக்கு மாறுகிறது. அமோலெட் காம்போவின் (டிஸ்ப்ளேயும் டச் கண்ணாடியும் சேர்ந்த பாகம்) விலை போனின் இன்றைய மதிப்பில் பாதியைத் தாண்டினால் அந்தப் பணத்தைப் புது போனுக்கு வைத்துக்கொள்வதே மேல். மலிவான டூப்ளிகேட் காம்போ போட்டால் நிறமும் டச்சும் பழையபடி இருக்காது.

பேட்டரி, டிஸ்ப்ளே எல்லாம் நன்றாக இருந்தும் மாற்றியே ஆகவேண்டிய போன்கள் உண்டு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று போய் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். சில மாடல்களில் பெயர் சற்று மாறியிருக்கும். அந்தத் தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழையது, புதிய அப்டேட்டும் வரவில்லை என்றால், அந்த போனில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க இனி ஆள் இல்லை. அதில் ஜிபேயும் வங்கிச் செயலியும் வைத்திருப்பவர் தீபாவளி ஆஃபருக்குக் காத்திருக்கக் கூடாது. 'வாட்ஸ்அப் ஓடுதே' என்பது அளவுகோல் அல்ல. 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4ஐ வாட்ஸ்அப் கைவிட்டது 2025 ஜனவரியில்தான்; பாதுகாப்பு அப்டேட் அதற்குப் பல வருடம் முன்பே நின்றுபோனது.

புது போனிலும் இதே தேதிக் கணக்குதான். 'நான்கு வருட அப்டேட்' என்றால் நாம் வாங்கிய நாளிலிருந்து நான்கு வருடம் அல்ல, மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. 2024 ஜனவரியில் வந்த மாடல் ஒன்று 2025 அக்டோபர் ஆஃபரில் 16,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். மிச்சம் இருப்பது 27 மாதம். மாதம் சுமார் 593 ரூபாய். 2025 செப்டம்பரில் ஆறு வருட வாக்குறுதியோடு வந்த போன் 22,000 ரூபாய். நடுவில் ஒரு பேட்டரிக்கு 2,500 சேர்த்தாலும் 71 மாதத்துக்கு மாதம் 345 ரூபாய்தான். தள்ளுபடி எந்தப் பக்கம்? கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 முதல் ஏழு வருட வாக்குறுதி இருக்கிறது. கேலக்ஸி ஏ16 போன்ற குறைந்த விலை மாடலுக்கே ஆறு வருடம். இன்னொன்று: ஆண்ட்ராய்டு பதிப்பு இத்தனை, பாதுகாப்பு அப்டேட் இத்தனை வருடம் என்று இரண்டு எண்கள் சொல்வார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் தயாரித்த அல்லது இறக்குமதியான மாதமும் வருடமும் இருக்கும். ஒன்றரை வருடம் அலமாரியில் கிடந்த பெட்டி என்றால் கேட்டு விலையைக் குறையுங்கள். உள்ளே பேட்டரியும் சும்மா இருந்தே கிழடாகியிருக்கும்.

காத்திருந்தால் விலை குறையுமா? ஐபோனுக்குப் பெரும்பாலும் குறையும். 2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்ததும் ஐபோன் 16இன் விலை 79,900இலிருந்து 69,900க்கு இறங்கியது. ஜூலை, ஆகஸ்டில் ஐபோன் வாங்கப் போகிறவர் ஓரிரு மாதம் பொறுப்பதில் நியாயம் இருக்கிறது. வரி குறையும் என்று காத்திருந்தவர்கள்தான் ஏமாந்தார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் செல்போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்; 2025 செப்டம்பர் 22இல் ஏசியும் பெரிய டிவியும் 28இலிருந்து 18க்கு இறங்கியபோது செல்போன் இருந்த இடத்திலேயே நின்றது. அதே ஆண்டின் கடைசியில், போனுக்குள் இருக்கும் ராம் என்ற மெமரி சிப்பின் விலை எகிறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு மெமரி விற்றுவந்த தன் க்ரூஷியல் பிராண்டையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது ராம் சிப்புக்குப் பொருந்தாது.

'நோ காஸ்ட் இஎம்ஐ' பற்றியும் ஒரு வார்த்தை. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்தத் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள். ஆனால் வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் பல வங்கிகளின் ப்ராசசிங் கட்டணமும் நம் தலையில்தான். ரொக்கமாகக் கொடுப்பவர் அந்தத் தள்ளுபடியைக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் *#06# அழுத்தி, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயை எடுத்து, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 இலக்க எண் என்று அரசின் 14422 எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்டது என்றோ ஏற்கெனவே வேறெங்கோ பயன்பாட்டில் இருக்கிறது என்றோ பதில் வந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் தரவேண்டும் என்றும், பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதம் கொள்ளளவு காக்கவேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. இங்கே பெட்டி மீது தயாரிப்பு மாதத்தை அச்சிட வைக்கும் சட்டம், அப்டேட் முடியும் மாதத்தையும் அச்சிடச் சொல்லலாம். அதுவரை, புது போன்களை அறிமுகப்படுத்தும் உங்கள் தொழில்நுட்பப் பக்கம் விலைக்குக் கீழே அந்த ஒரு வரியைச் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

— செல்போன் சர்வீஸ் தொழிலாளர்கள், திருச்சி