தொட்டில் கயிறு யார் காலில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலுக்குப் பக்கத்துச் சிற்றூர்க்காரன் நான். சென்னையில் ஒரு மளிகைக் கடையில் பதினோரு ஆண்டுகளாக நிற்கிறேன். மகள் பிறந்தபோது முதலாளி இரண்டு நாள் லீவு கொடுத்தார். பஸ் பயணமே ஒரு நாளை விழுங்கியது. மனைவியின் பிரசவத்துக்கு மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் லீவு உண்டு. பொட்டலம் மடிக்கிறவனுக்கு யார் தருவார்?

சென்ற ஆண்டு மூட்டை இறக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு, நான்கு மாதம் வீட்டில் கிடந்தேன். என் மனைவி பீடி சுற்றுவதை விடிந்ததிலிருந்து அடையும்வரை பார்த்தது அப்போதுதான். மடியில் சுளகு. தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவள் கால் பெருவிரலில். கை இலையில் தூளை வைத்துச் சுருட்டும். கால் தொட்டிலை ஆட்டும். பிள்ளை அழுதால் சுளகை இறக்கி, சோப்புப் போட்டுக் கை கழுவி, புகையிலை நெடி போயிற்றா என்று முகர்ந்து பார்த்த பிறகே தூக்குவாள். முன்பு நாளுக்கு ஆயிரம் சுற்றியவள், இப்போது ஐந்நூறைத் தொடுவதற்குள் இருட்டிவிடுகிறது.

பிள்ளை வந்ததும் செலவுக்காக நான் கடையில் கூடுதல் நேரம் நின்றேன். அவளுக்கோ கூலி பாதியானது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண் 97. எங்கள் வீட்டில் அந்த 97-ம் கிடையாது; நான் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன்.

50 பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் தெருவில் மட்டும் அதற்கு மேல் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆனால் ஆளுக்கொரு திண்ணையில் உட்கார்ந்திருப்பதால் கணக்கு ஒன்றைத் தாண்டுவதில்லை!

மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் உண்டு. ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயதுவரை, நாளுக்கு ஏழரை மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள். பீடி சுற்றும் ஊர்களுக்கு மாவட்ட நிர்வாகம் அதைக் கேட்டு வாங்கித் தர வேண்டும். அடுத்த வாரம் நான் மறுபடி சென்னைக்குக் கிளம்புகிறேன். இடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்: பீடிக்கடைக்கு எதிரே சமுதாய நலக்கூடம் பூட்டித்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முக்கூடல் வட்டாரம்