சிசேரியன் தாயைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிசேரியனில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் உடல் பருமன் வரும் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, எங்கள் பெரம்பூர் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அன்றே சுற்ற ஆரம்பித்துவிட்டது. போன மாதம் ஆபரேஷனில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணிடம் அவள் மாமியார், "அப்போ நம்ம புள்ள குண்டாத்தான் வருமா?" என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லாமல் குழந்தையின் தொடையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கட்டுரை சொன்ன அமெரிக்க ஆய்வு உண்மைதான். 2016இல் வெளியான அது, 22,000 பேருக்கு மேல் கவனித்து, சிசேரியனில் பிறந்தவர்களுக்குப் பருமன் வாய்ப்பு 15 சதவீதம் கூடுதல் என்றது. ஆனால் 2020இல் ஸ்வீடனில் சுமார் 97,000 இளைஞர்களை ஆராய்ந்தபோது, தாயின் எடை போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. எடை கூடிய தாய்க்குச் சிசேரியன் தேவைப்படுவதும் அதிகம், அவர் பிள்ளைக்கு எடை கூடுவதும் அதிகம். இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

பருமனுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவது குடல் நுண்ணுயிர்கள். பிறப்புப் பாதையில் தாயிடமிருந்து கிடைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் ஆபரேஷன் குழந்தைக்குக் குறைவு என்பதும் சரி. ஆனால் தாய்ப்பாலும் குடலில் நல்ல நுண்ணுயிர்களை வளர்க்கிறது. இங்கேதான் நம் ஆஸ்பத்திரிகள் கோட்டை விடுகின்றன. என் உறவுப் பெண்ணுக்கு முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் நடந்தது. முழு நினைவோடு இருந்தாள். அப்படியும், "அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொல்லி, பக்கத்து அறையில் பவுடர் பாலைக் கரைத்துப் பாலாடையில் புகட்டிவிட்டார்கள். மறுநாள்தான் குழந்தையை மார்பில் போட்டார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சிசேரியன் குழந்தைக்கும் சேர்த்துத்தான். ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று குழந்தையைப் பிடித்துக்கொண்டால் போதும், படுத்தபடியே கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. தாய் உயிரையும் பிள்ளை உயிரையும் காப்பாற்றும் ஆபரேஷனை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தனையும் அப்படிப்பட்டவைதானா? ஆஸ்பத்திரிகளும், பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்துக் கொடுக்கும் குடும்பங்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்க வேண்டியது இவர்களைத்தான், தையல் வலியோடு படுத்திருக்கும் பெண்ணை அல்ல.

ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இரண்டு விவரம் கட்டாயமாக எழுதப்பட வேண்டும்: எதற்காகச் சிசேரியன் செய்யப்பட்டது, முதல் தாய்ப்பால் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது. சுகாதாரத் துறை இதற்கு உத்தரவு போட வேண்டும். உங்கள் இதழும் இதை வலியுறுத்தி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை