சுமைதாங்கிக்கும் ஒரு எண் போடுங்கள்

சாலை அகலப்படுத்தும் பொறியாளர்களுக்கும் சர்வேயர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

வேலை தொடங்குமுன் ஓரத்துப் புளியமரங்களுக்கெல்லாம் எண் போட்டுக்கொண்டு போவீர்கள். பட்டையைச் செதுக்கி, வெள்ளையடித்து, அதன்மேல் சிவப்பில் எழுதுவார்கள் உங்கள் ஆட்கள். எங்கள் ஊர் விலக்கிலும் அப்படித்தான் போட்டார்கள். 41ஆம் மரத்துக்கும் 42ஆம் மரத்துக்கும் நடுவே ஒரு சுமைதாங்கி நின்றது. அதற்கு எண் இல்லை. எண் இல்லாததால் கணக்கில் வரவில்லை. கணக்கில் வராததை ஒரு நாள் காலையில் ஜேசிபி தள்ளிவிட்டுப் போனது. ஓட்டி வந்த பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கண்ணுக்கு அது மூன்று கல்.

நெஞ்சளவு, தோளளவு உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். விறகுக் கட்டோடு தனியாக வருகிறவருக்கு அந்த ஆள் இந்தக் கல்தான். நேரே வந்து நின்று முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் சுமை கல்லுக்கு மாறிவிடும். திரும்ப ஏற்றும்போதும் தரைக்குக் குனிய வேண்டியதில்லை. உயரம் அதற்காக அளந்து வைத்ததுதான்.

பெரும்பாலும் இதை நட்டது ராஜாவும் இல்லை, ஜமீனும் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்டது. அவள் இறக்காமல் கொண்டுபோன சுமை, வழிப்போக்கர் ஒருவர் இறக்கி வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் ஆறும் என்று நம்பினார்கள். யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களிலும் சுமைதாங்கி உண்டு. மாடு உடம்பு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் கேணியும் அதன் பக்கத்திலேயே இருக்கும். கோயிலுக்கு நிலம் கொடுத்தவர் பெயரைக் கோயில் சுவரில் படிக்கலாம். பேறுகாலத்தில் செத்த குடியானவப் பெண்ணுக்கு ஊரில் வேறு எங்கே எழுத்து இருக்கிறது?

எங்கள் கல்லின் குறுக்குப் பலகையில் ஒரு வரி இருந்தது. பள்ளிக்கூட நாளில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துப் படிப்போம். பெயரின் முன்பாதி மழுங்கிவிட்டது. ‘…யம்மாள் ஞாபகார்த்தம்’ என்பது மட்டும் வெள்ளையாக எழும்பி வரும். யாருடைய பெயர் என்று அப்பத்தாவிடம் கேட்டேன். “நம்ம வீட்டு மருமக இல்லப்பா, மேலத்தெரு” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார். அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம்.

தூரத்தை அளந்து கல் நடுவது உங்கள் தொழில். அதில் உங்களுக்கு மூத்தவர் ஒருவர் செய்த வேலையைச் சொல்கிறேன். தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்றில் ‘அதியமான் பெருவழி’ என்று சாலையின் பெயரும், நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று தொலைவும் வெட்டியிருக்கிறது. கூடவே இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. எழுத்து அறியாத வண்டிக்காரரும் விரலால் தடவிப் பார்த்து, பத்தும் பத்தும் ஒன்பதும் என்று கூட்டிக்கொள்ளலாம். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநிலச் சாலை என்று நீங்கள் கிலோமீட்டர் கல்லுக்கு வண்ணம் அடிப்பதும் இதே யோசனைதான்.

கல் உடைய வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடுகிறோம் என்று உங்களில் நல்ல மனசுக்காரர்கள் சொல்வதுண்டு. நட்ட இடத்தில் நிற்கும்வரைதான் அந்த 29 உண்மை. சுமைதாங்கியும் அப்படித்தான், அவள் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடந்த பாதையில் நிற்க வேண்டியது. கோவை சுண்டக்காமுத்தூர் அருகே, வட்டெழுத்து என்ற பழைய எழுத்திலும் தமிழ் எழுத்திலுமாக ‘இராசகேசரிப் பெருவழி’யைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டு வெட்டிய இடத்திலேயே இருக்கிறது. நம் அக்கறைக்கு அதில் பெரிய பங்கில்லை. அது பாறை, பெயர்க்க முடியாது.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருக்க முடியவில்லை. 100 ஆண்டு கடந்தவற்றைப் பழஞ்சின்னமாகக் கருதலாம் என்கிறது 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். ஆனால் முறைப்படி அறிவித்துப் பட்டியலில் ஏற்றினால்தான் சுற்றிலும் 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை. மூன்று கல்லுக்காக யார் அறிவிக்கை வெளியிடப் போகிறார்கள்? ஆகவே உங்களிடம் வருகிறேன்.

மரம் எண்ணப் போகும் அதே நாளில் கல்லையும் எண்ணுங்கள். சுமைதாங்கி, நடுகல், பழைய மைல்கல், ஆவுரஞ்சிக் கல் எல்லாவற்றுக்கும் அதே சிவப்பு மையில் எண் போட்டு, வரைபடத்தில் புள்ளி வைத்து, எஸ்டிமேட்டில் ஒரு வரி சேருங்கள். சாலை பத்தடி விரிந்தால் கல்லும் பத்தடி பின்னால் போகட்டும். மூன்றும் சேர்ந்தே போக வேண்டும், எழுத்து சாலையைப் பார்த்து நிற்க வேண்டும். பெயர்க்குமுன் ஊர்ப் பெரியவர் இரண்டு பேரைக் கூப்பிட்டு, யாருக்காக நட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பலகை வைத்தால் அதை மட்டும் எழுதினால் போதும். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் பெயர்களுக்குத்தான் ஊருக்கு ஊர் பளிங்குக் கல் இருக்கிறதே.

எங்கள் கல் முழுதாகப் போய்விடவில்லை. குறுக்குப் பலகை இப்போது டீக்கடைக்கு முன்னால் சாக்கடைமேல் பாலமாகக் கிடக்கிறது. உங்கள் எஸ்டிமேட்டில் வரும் கல்வெர்ட்டு போல, எங்கள் கல்வெட்டு. எழுத்து கீழே பார்த்திருக்கிறது. கால்கள் இரண்டும் 42ஆம் மரம் நின்ற இடத்துக்குப் பின்னால் சப்பாத்திக் கள்ளிக்குள் கிடக்கின்றன. ஒன்றின் முனை உடைந்திருக்கிறது, நட்டால் நிற்கும். தார் போட வண்டிகள் வரும் நாளில் கிரேன் ஒரு அரைமணி நேரம் கிடைத்தால் போதும். குழி வெட்ட ஆட்கள் நாங்கள் வருகிறோம். டீக்கடைக்காரருக்குச் சிமெண்டுப் பலகை ஒன்று வாங்கிக் கொடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மேலத்தெருவுக்கு அடுத்த தெருக்காரன்