பழங்கடிதங்களைக் காத்து வைத்திருக்கும் குடும்பங்களுக்கு

யாழ்ப்பாணத்துப் புலவர், உபாத்தியாயர், கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் பரம்பரையில் வந்த அன்பர்களுக்கு வணக்கம்.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்த 1887ஆம் ஆண்டிலேயே, கும்பகோணத்தில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். ஏடு தேடி அலைந்தும், பாடபேதங்களை ஒப்பிட்டும், அச்சுக்கூலிக்கு அல்லற்பட்டும் அத்தலைமுறையினர் செய்த பணியை முன்னுரைகள் ஓரளவே சொல்கின்றன; அவர்களுடைய மனத்தாங்கலையும் பரிவையும் அறியக் கடிதங்களுக்குத்தான் போக வேண்டும். ஐயர் தமக்கு வந்தவற்றை, அஞ்சலட்டையைக்கூட எறியாமல், பேணி வைத்தார். தாமோதரம்பிள்ளையும் பாரிசிலிருந்து பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோனும் எழுதியவை உட்பட 3000க்கும் மேற்பட்ட கடிதங்கள் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் இருப்பது அதனாலேயே.

கடிதம் தங்குவது பெற்றவர் வீட்டில். ஆகவே யாழ்ப்பாணத்துக்கு வந்தவற்றை உங்கள் பரணிலும் றங்குப் பெட்டியிலுமே தேட வேண்டும். 1981இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் எரிந்துபோன ஊரில், வீடுகளில் எஞ்சியவற்றின் பெறுமதியை விரித்துரைக்கத் தேவையில்லை. ஆயினும் வடமராட்சியில் வீடொன்றைத் திருத்தியபோது, கட்டுக் கட்டாகப் பழங்கடதாசிகளைச் சருகோடு சேர்த்துக் கொளுத்தியதைக் கண்டு நெஞ்சு பதறினேன்.

புலவரின் கடிதத்தையாவது சிலர் மதிக்கின்றனர். கூத்துக் கொப்பியை இரவல் கேட்டோ, திருவிழா மேளத்துக்கு நாட்குறித்தோ எழுதிய நாலுவரித் துண்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. எவர் எங்கே ஆடினார், யாரிடம் பழகினார், என்ன கூலி பெற்றார் என்பதற்கு அத்துண்டே ஒரேயொரு சான்றாக இருக்கக்கூடும்.

தயவுசெய்து உறையைக் கழற்றி எறியாதீர்கள். 'சர்வசித்து வருடம் ஆவணி' என்று மட்டும் எழுதிய கடிதம் 1887ஐச் சேர்ந்ததா, அறுபது ஆண்டு கழித்து 1947இல் எழுதப்பட்டதா என்பதை உறையிலுள்ள தபாற்குறி காட்டிவிடும். கட்டைப் பிரித்து ஆள்வாரியாக அடுக்காமல், இருந்த ஒழுங்கிலேயே விடுங்கள். கிழிசலுக்குப் பசைநாடா ஒட்டுவதும், கடதாசியை லமினேற் செய்வதும் பிற்காலத்தில் அதை மீட்கவொண்ணாதபடி கெடுத்துவிடும். செல் அரிக்காத உலர்ந்த இடத்தில் வைத்தாற் போதும்.

மூலத்தைக் கைவிட வேண்டுமென்று கேட்கவில்லை. அது உங்கள் குடும்பச் சொத்து. நூலகம் நிறுவனம் போன்று எண்ணிமப்படுத்துவோரிடம் (டிஜிட்டல் படியாக்கிப் பேணுவோரிடம்) படியெடுக்க இசைவு தாருங்கள். குடும்பத்தின் கடன், வழக்கு, மணமுறிவு பற்றிய பக்கங்களை வெளியிடாமல் விலக்கிவைக்கும் உரிமையை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்டே கொடுங்கள்.