பெட்டிக்குள் என்ன இருக்கிறது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

கை நினைத்தபடி அசையாத பிள்ளைகளும் பெரியவர்களும் கம்ப்யூட்டரில் எழுதுவதற்காக எங்களிடம் சுவிட்சும் (அழுத்தும் பட்டன்), அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சுவிட்ச் பாக்ஸும், கீகார்டும் (கீபோர்டின் மேல் வைக்கும் ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு) வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கொண்டிருப்பவர்களும் படிக்கலாம். உங்களில் பாதிப் பேருக்கு என் குரலே தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றிக் கொண்டிருக்கிறது. எங்கள் சுவிட்ச் பாக்ஸின் நான்கு திருகுகளையும் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டைக் காட்டி, "இது ஆன்லைனில் நானூறு ரூபாய், இதைப் போய் 1,650க்கு விற்கிறார்கள், முடியாத பிள்ளைகளை வைத்துப் பிழைக்கிறார்கள்" என்று ஒருவர் பேசுகிறார். அவர் யார் என்று எனக்குத் தெரியும், நம் வாடிக்கையாளர்தான், அவர் பெயரை இங்கே இழுக்க மாட்டேன். விலை அதிகம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. கடைசியில் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் பட்டறையில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டது. எங்களிடம் ஈயம் வைக்கும் அக்கா அன்று மதியம் சாப்பிடவே இல்லை.

அவர் காட்டிய போர்டு உண்மைதான். அந்த விலைக்குப் பக்கத்தில் கிடைப்பதும் உண்மைதான். சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் கிடைக்கும். இதை நாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. மறைக்க நினைத்திருந்தால் மூடியைப் பசை போட்டு ஒட்டியிருப்போம். நான்கு சாதாரண ஸ்டார் திருகு போட்டிருப்பதே நீங்கள் திறந்து பார்க்கவும், பக்கத்துத் தெரு மொபைல் கடைக்காரர் சரிசெய்யவும் வேண்டும் என்பதற்காகத்தான். கேட்டவர்களுக்கு சர்க்யூட் படமும் அனுப்பியிருக்கிறோம், இனியும் அனுப்புவோம்.

சரி, அப்படியென்றால் மீதிப் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி நியாயமானது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

சுவிட்ச் என்பது இரண்டு உலோகத் தகடு ஒட்டுவதும் விலகுவதும். ஆனால் ஒட்டும்போது ஒரே தடவையில் ஒட்டாது, ஒரு சில மில்லி செகண்ட் துள்ளித் துள்ளித்தான் நிற்கும். அதனால் எல்லா கீபோர்டிலும் அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விடுகிற மாதிரி ஒரு சிறு காத்திருப்பு எழுதியிருப்பார்கள், பொதுவாக ஐந்து மில்லி செகண்ட் போல. நம் கைக்கு அது போதும். பெருமூளை வாதம் உள்ள ஒரு பிள்ளை அழுத்தும்போது கை அங்கேயே நிற்காது. ஒருமுறை அழுத்திவிட்டு, கை நடுங்கி, அரை செகண்டுக்குள் இன்னும் இரண்டு தடவை அதே பட்டனில் விழும். கம்ப்யூட்டர் அதை மூன்று அழுத்தமாக எடுத்துக் கொள்ளும். "அ" வேண்டும் என்று அழுத்தினால் திரையில் "இ" வந்து நிற்கும், பிள்ளைக்கு அழுகை வரும், பார்ப்பவர்கள் "இதுக்குப் புரியலை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிள்ளைக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கும். இந்தக் காத்திருப்பை 400, 500 மில்லி செகண்டுக்கு ஏற்றினாலே போதும், பல பிள்ளைகளுக்கு அன்றே எழுத்து சரியாக விழ ஆரம்பித்துவிடும். இன்னொரு பிள்ளைக்கு இதுவே உதவாது. அவன் கை பட்டனை உரசிக்கொண்டே போகும், அவனுக்கு இவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தால்தான் கணக்கு என்று வைக்க வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு அழுத்துவது எளிது, எடுப்பதுதான் அவள் நினைத்துச் செய்வது. அவளுக்குக் கையை எடுக்கும்போது எழுத்து விழுமாறு மாற்ற வேண்டும்.

இதெல்லாம் விண்டோஸிலேயே ஃபில்டர் கீஸ் என்று இலவசமாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, நல்ல வசதி, நாங்களே பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஆனால் பிள்ளை பள்ளிக்கூடக் கம்ப்யூட்டருக்குப் போனால் அந்த அமைப்பு கூடப் போகாது, அப்பாவின் ஃபோனில் செருகினால் வேறு மாதிரி, ஐபேடில் இன்னொரு மாதிரி. பிள்ளைக்கான காத்திருப்பு அளவு பாக்ஸுக்குள்ளேயே இருந்தால் எதில் செருகினாலும் அது ஒரு கீபோர்டாகத்தான் தெரியும், டிரைவரும் வேண்டாம், யாரையும் கெஞ்சவும் வேண்டாம். அந்த நானூறு ரூபாய் போர்டுக்குள் நாங்கள் எழுதி வைத்திருப்பது இதைத்தான். ஒவ்வொரு பாக்ஸுக்கும் அக்காவோ நானோ ஃபோனில் பேசி, நீங்கள் அனுப்பும் வீடியோவைப் பார்த்து, அந்த மில்லி செகண்ட் எண்களை மாற்றி, திரும்பவும் பார்த்து, திரும்பவும் மாற்றித்தான் அனுப்புகிறோம். அனுப்பிய பிறகும் ஆறு மாதத்தில் பிள்ளை வளர்ந்து கை மாறிவிடும், அப்போது மறுபடி. இதற்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை, இனியும் வாங்கப் போவதில்லை. வீடியோவில் இது ஒரு வார்த்தைகூட வரவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை, ஏனென்றால் அவர் வீட்டுப் பெண்ணுக்கே நாங்கள் பலமுறை எண்கள் மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.

போர்டைத் தாண்டி மற்றதையும் சொல்கிறேன். திருப்பூர்ப் பக்கம் தசைச் சிதைவு நோய் உள்ள ஒரு தம்பி, வீட்டிலிருந்தே பனியன் ஜாப் ஒர்க் கணக்கு எழுதுகிறார். அசைவது வலது கட்டைவிரல் நுனி மட்டும். விண்டோஸில் திரையிலேயே வரும் கீபோர்டு வரிசை வரிசையாக ஒளிர்ந்துகொண்டே போகும், வேண்டிய இடம் வரும்போது ஒரு தட்டு தட்டினால் போதும், அப்படித்தான் எக்செல் முழுவதும் போடுகிறார். அவருக்கு முதலில் மிக லேசான மைக்ரோ சுவிட்ச் கொடுத்தோம். விரல் சும்மா கிடந்தாலே அதன் பாரத்தில் சுவிட்ச் அழுந்திவிட்டது. கொஞ்சம் கடினமானதைப் போட்டால் அவரால் அழுத்த முடியவில்லை. கடைசியில் சுவிட்சைப் பக்கவாட்டில் திருப்பி, நீளமான லீவர் உள்ளதாகப் பார்த்துப் போட்டு, விரலின் பாரம் ஒரு சின்ன மரத் திண்டில் விழுமாறு செய்தோம். இப்போது பாரம் திண்டுக்கு, பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தால் போதும் சுவிட்சுக்கு. அந்த மரத்துண்டுக்கு விலை என்று சொன்னால் ஐந்து ரூபாய் இருக்குமா?

இதற்கு நேர் எதிராக, முழுக் கையையும் தூக்கி ஓங்கி அடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கான பெரிய பட்டன் வீடியோ கேம் மெஷினில் வருகிற பட்டன் வகை, அடியில் இரும்புத் தகடு, சக்கர நாற்காலிப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க ஒரு கிளாம்ப். எச்சில் ஒழுகும் என்பதால் மூடிக்குக் கீழே சிலிக்கான் உறை. ஆரம்பத்தில் இந்தப் பட்டனின் உடல்பகுதியை முப்பரிமாணப் பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில்தான் செய்தோம். பார்க்க அழகாக இருக்கும், 60 டிகிரிக்குப் பக்கத்தில் போனாலே இளகிவிடும். சித்திரை வெயிலில் காரை மூடி வைத்தால் டாஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாராளமாகத் தொடும். அதனால் சூடு தாங்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும் முறைக்கு மாறினோம், அதற்கு டை (உலோக அச்சு) போட வேண்டும். கோயம்புத்தூரில் டை போடுபவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் டை விலை, லட்சம் பீஸ் அடித்தாலும் சில நூறு பீஸ் அடித்தாலும் ஒன்றுதான். பெரிய கீபோர்டு கம்பெனிக்கு ஒரு பீஸுக்குப் பைசாக் கணக்கில் வரும் செலவு நமக்கு நூறு ரூபாய்க் கணக்கில் வந்து நிற்கிறது. எங்கள் விலையில் உண்மையாகவே உறுத்தும் பகுதி இதுதான், போர்டு இல்லை.

கேபிளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவிட்சில் முதலில் போவது எப்போதும் கேபிளின் கழுத்துதான். அதனால் நிரந்தரமாக ஈயம் வைத்த வயர் போடாமல் இரண்டு பக்கமும் 3.5 மில்லிமீட்டர் ஜாக் வைத்திருக்கிறோம். பாட்டுக் கேட்கிற ஆக்ஸ் கேபிள் எந்தக் கடையில் வாங்கினாலும் அதில் வேலை செய்யும். உலகம் முழுக்க இந்த வகை சுவிட்சுகளுக்கு இந்த ஜாக்தான் வழக்கம். மாற்றுத்திறனாளிகள் வீடியோ கேம் விளையாட 2018இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் முதுகில் இதே ஜாக் 19 இருக்கிறது. எங்கள் பட்டனை அதில் செருகி விளையாடும் பிள்ளைகள் உண்டு, வெளிநாட்டுப் பட்டனை எங்கள் பாக்ஸில் செருகுபவர்களும் உண்டு. எங்களிடம் வாங்கியவர் எங்களிடமே மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள். மென்பொருளும் அப்படியே. உடல் அசையாத ஸ்டீபன் ஹாக்கிங் கம்ப்யூட்டரில் எழுதுவதற்காக இன்டெல் செய்த ஏகாட் மென்பொருளை 2015இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அது வழக்கமாக கீபோர்டின் எஃப் 12 கீயை எதிர்பார்க்கும், நம் பாக்ஸில் ஸ்பேஸ், என்டர், எஃப் 12 மூன்றில் எது போக வேண்டும் என்று மாற்றிக் கொள்ளலாம்.

நீங்களே செய்துகொள்ள முடியும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், இதை மனதாரச் சொல்கிறேன். கனடாவில் மேக்கர்ஸ் மேக்கிங் சேஞ்ச் என்று ஒரு முயற்சி இருக்கிறது, சுவிட்ச், வாயால் இயக்கும் ஜாய்ஸ்டிக் எல்லாவற்றுக்கும் வரைபடம், பட்டியல், புரோகிராம் என்று முழுவதையும் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். பொறியியல் கல்லூரியில் படிக்கும் பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் ஒரு வார விடுமுறையில் செய்துவிடலாம். எங்கே சிக்கினாலும் எனக்கு ஃபோன் செய்யுங்கள், எங்களிடம் எதுவும் வாங்காவிட்டாலும் சொல்லிக் கொடுக்கிறேன். அப்படி யாருமே இல்லாத வீடுகளுக்காகத்தான் இந்தப் பட்டறை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஒரு வட்ட சுவிட்ச் மட்டுமே அறுபது டாலருக்கு மேல், சுங்கமும் கூரியரும் தனி.

டாலர் என்றதும் விலை விஷயமும் வந்துவிடுகிறது. 2020 தொடக்கத்தில் 71 ரூபாய் சுற்றி இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. இடையில் சிப் தட்டுப்பாடு வந்து, நாங்கள் அப்போது பயன்படுத்திய சிப் கேட்ட விலையைக் கொடுத்தாலும் கிடைக்காமல் போனபோது, நான்கு டாலர் ராஸ்பெரி பை பைக்கோ போர்டுக்கு மாறி, எல்லாப் புரோகிராமையும் மறுபடி எழுதினோம், ஆனால் விலையைத் தொடவில்லை. கீபோர்டு வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இத்தனை நாள் தாக்குப் பிடித்தோம், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் சுவிட்ச் பாக்ஸ் 1,950, பெரிய பட்டன் 990. வீட்டுக்கு வந்து பொருத்திக் கொடுத்துக் கொண்டிருந்த தம்பி ஓசூரில் நல்ல வேலை கிடைத்துப் போயிருப்பதால், கோவை, திருப்பூர் தாண்டி நேரில் வருவது இப்போதைக்கு இல்லை. ஏற்கனவே பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான்.

அப்புறம், நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அந்த வீடியோ வந்த அன்றே குழுவில் எங்களுக்காகப் பேசிய அம்மாக்களுக்கு நன்றி. நாங்கள் யாரையும் கேட்கவில்லை, நீங்களே உங்கள் பிள்ளை தட்டச்சு செய்ததைப் படம் எடுத்துப் போட்டீர்கள். அதைப் பார்த்துத்தான் அக்கா மறுநாள் வேலைக்கு வந்தார். பிள்ளை வளர்ந்து பட்டன் தேவைப்படாமல் போனதும் அதைத் துடைத்துத் திருப்பி அனுப்பி, "யாருக்காவது கொடுங்கள்" என்று எழுதுபவர்கள் இருக்கிறீர்கள். அவை ஒவ்வொன்றும் புது உறை போட்டு, விலை கொடுத்து வாங்க முடியாத ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது. எங்களிடம் ஒரு பைசா கமிஷன் கேட்காமல் பிள்ளைகளை அனுப்பி வைக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்கும் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. நீங்கள் இல்லாமல் இந்தக் கதவு திறந்திருக்காது. வீடியோ போட்டவருக்கும் ஒன்று: உங்கள் பெண்ணின் பாக்ஸில் எண்கள் மாற்ற வேண்டியிருந்தால் வழக்கம்போல் கூப்பிடுங்கள். அவள் மேல் எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை, உங்கள் மேலும் இல்லை.

கீகார்டு கேட்டிருப்பவர்களுக்கு: ஒவ்வொரு லேப்டாப்பிலும் கீ அளவு வேறு, அதனால் கீபோர்டின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்து, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஸ்கேல் இல்லாமல் வரும் படத்தை வைத்து அக்ரிலிக்கில் ஓட்டை போட முடியாது. ரிப்பேருக்கு அனுப்புபவர்கள் சுவிட்சை மட்டும் அனுப்பாமல் பாக்ஸையும் கேபிளையும் சேர்த்து அனுப்புங்கள், உள்ளே ஒரு தாளில் பிள்ளையின் பெயரும், எந்தக் கை, என்ன தொந்தரவு என்பதும் இருக்கட்டும். பட்டறை வழக்கம்போல் காலை பத்து முதல் மாலை ஆறு வரை, ஞாயிறு விடுமுறை. அளவு மாற்றுவதற்கான ஃபோன் மட்டும் மதியம் மூன்று மணிக்கு மேல் செய்தால் நிதானமாகப் பேச முடியும்.

அன்புடன்,
கணபதி பட்டறையிலிருந்து எல்லோரும்