கிணற்று மேடும் டிரப்பீஸ் பலகையும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமல் வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்க மாட்டார்கள், நான் சொன்னால் கேட்பார்கள். வெற்றிலைக் கொடிக்கால் இந்த வருஷமும் கைகொடுக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம். எழுத்தில் ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

பதில் தாமதமானதற்குக் காரணம் என் கைதான். வலது உள்ளங்கையில், விரல்கள் தொடங்கும் இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் உரிந்துவிட்டது. அன்று ராத்திரி ரசம் சாதம் பிசைந்தபோது எரிந்த எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரம் ஸ்பூனில்தான் சாப்பிட்டேன், பேனா பிடிக்கவும் முடியவில்லை. நீ பதறாதே. நான் பார் விளையாட்டு கற்றுக்கொள்கிறேன். மதுரைத் தமுக்கம் மைதானத்தில் சர்க்கஸ் கூடாரத்துக்குள் வாயைப் பிளந்து பார்த்தோமே, உயரத்தில் கயிற்றில் தொங்கும் கம்பியைப் பிடித்து ஆடும் அதே பறக்கும் டிரப்பீஸ்தான். அந்தக் கம்பியைத்தான் பார் என்கிறோம்.

இங்கே மன்ஹாட்டனில், ஹட்சன் ஆற்றங்கரையில், பழைய கப்பல்துறை ஒன்று இருக்கிறது. கோடைகாலத்தில் அங்கே கம்பமும் வலையும் கட்டிச் சொல்லித் தருகிறார்கள். மே மாதம் பாப்பாவுக்கு 12 வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு அவள் கேட்டது இதைத்தான். அழைத்துப் போனேன். சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினாள். பலகையில் நின்று கீழே பார்த்தவள் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் கீழே நின்று, "பயப்படாதே, ஒண்ணும் ஆகாது, குதி" என்று கத்தினேன். இரண்டு முறை, மூன்று முறை. கடைசியில் பயிற்சியாளர் அவளை மெதுவாக இறக்கி விட்டார். ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பா, நீ மேலே ஏறிப் பார்த்திருக்கியா?"

அடுத்த வாரம் நான் ஏறினேன்.

உனக்கு நம் கிணறு நினைவிருக்கும். நீங்களெல்லாம் மோட்டார் ரூம் மேலே ஏறித் தொபுக்கடீர் என்று குதிப்பீர்கள். நான் தண்ணீர் தொடும் படியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏழாவது படிக்கும்போது பெரிய பையன் ஒருவன், "தள்ளிவிட்டா தானா வரும்" என்று சொல்லிக்கொண்டே பின்னாலிருந்து தள்ளினான். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, அந்தப் பச்சைக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் துழாவியது இன்றைக்கும் உடம்பில் இருக்கிறது. நீ குதித்து என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்ததும் இருக்கிறது. தள்ளிவிட்டால் பயம் போய்விடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு 34 வருஷமாகப் போகவில்லை. கீழே நின்று பாப்பாவைப் பார்த்து நான் கத்தியதும் ஒரு தள்ளல்தான் என்பது பலகையில் ஏறி நின்றபோதுதான் உறைத்தது.

பலகை 23 அடி உயரம். நம் ஊர்த் தென்னை இதைவிட உயரம். கீழேயிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். இடுப்பில் அகலமான பெல்ட், மூச்சை முழுசாக இழுக்க முடியாத அளவுக்கு இறுக்கம். பெல்ட்டின் இரண்டு பக்கமும் கயிறு. அந்தக் கயிறுகள் மேலே கப்பி வழியாகப் போய்க் கீழே நிற்பவர் கையில் முடிகின்றன. அடியில் நீளத்துக்கும் வலை. இதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது, முழங்காலுக்குத் தெரியவில்லை.

கால்விரல்கள் பலகை விளிம்புக்கு வெளியே இருக்க வேண்டும். இடது கை பின்னால் கம்பியைப் பிடித்திருக்க, வலது கையை நீட்டிப் பாரை வாங்க வேண்டும். பார் நாம் நினைப்பதைவிடக் கனம், ஆளை முன்னால் இழுக்கும். பின்னாலிருந்து பயிற்சியாளர் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, தன் எடை முழுவதையும் பின்னுக்குச் சாய்த்து நின்றார். இனி இடது கையையும் விட்டுவிட்டுப் பாருக்குக் கொண்டுவர வேண்டும். அந்த இரண்டடி தூரத்தை என் இடது கை கடக்க நாலு நிமிஷம் ஆனது மாப்ளே. விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது, மறுபடி போய் ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது: "அவசரமே இல்லை. உங்களை நான் தள்ள மாட்டேன். பிடித்திருப்பது என் வேலை. குதிப்பது உங்கள் வேலை." அவர் கைப்பிடியை என் முதுகெலும்பில் உணர்ந்தேன். இடது கை தானாக வந்தது.

அப்புறம் இரண்டே சொல். 'ரெடி' என்றால் முழங்காலை மடக்கு, 'ஹெப்' என்றால் குதி. குதித்தேன். வயிறு மேலே போய்விட்டது, காற்று காதில் இரைந்தது, ஆறு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பயம் அப்போதும் இருந்தது. ஆனால் பலகையில் இருந்த பயம் வேறு, பாரில் இருந்த பயம் வேறு. பலகையில் அது வேலை இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பாரில் அதற்கு நேரமே இல்லை.

முதலில் சொல்லித் தருவது முழங்காலில் தொங்குவது. ஊசல் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் கண்ணிமைக்கும் நேரம் உடம்பில் எடையே இருக்காது. அந்த நொடியில் காலைத் தூக்கிப் பாருக்கு மேல் போட்டால் பூப்போல ஏறிவிடும். அரை நொடி தாமதித்தால் தீர்ந்தது. ஊசல் அடிப்பக்கம் வரும்போது கிட்டத்தட்ட இரண்டு ஆள் எடை தொங்கும், எவ்வளவு பலம் இருந்தாலும் கால் ஏறாது. அந்த நொடியைக் கீழே நிற்பவர்தான் பார்த்துச் சொல்கிறார். குரல் கேட்டதும் செய்ய வேண்டும். நானோ முதல் நாள் முழுக்க, கேட்ட பிறகு "இப்போதா?" என்று யோசித்தேன். அந்த யோசனையின் நீளம்தான் அரை நொடி. ஜூன் கடைசியில் ஒரு நாள் யோசிப்பதற்குள் கால் ஏறிவிட்டது. அடுத்த சொல்லுக்குக் கையையும் விட்டேன். தலைகீழாக, கைகளை விரித்து, ஹட்சன் ஆற்றின் மேல். அன்றைக்கு உனக்குப் போன் செய்ய நினைத்தேன், அங்கே நடுராத்திரி.

இந்த வித்தையைத் தொடங்கி வைத்தவர் ஜூல் லியோடார் என்ற பிரெஞ்சு இளைஞர். துலூஸ் நகரில் அவர் அப்பா உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். அங்கே இருந்த நீச்சல் குளத்துக்கு மேலே பார் கட்டித்தான் அவர் பழகியிருக்கிறார். 1859 நவம்பர் 12 அன்று பாரிஸில் முதல்முறையாக மக்கள் முன்னால் பறந்தார். அந்த சர்க்கஸ் கட்டடம் இன்னும் இருக்கிறது. ஜிம்னாஸ்டிக் செய்பவர்கள் போடும் ஒட்டிய உடுப்புக்கு லியோடார்ட் என்று பெயர் வந்தது அவரால்தான். இதைப் படித்ததும் எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய். அவருக்கும் கீழே தண்ணீர் இருந்திருக்கிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் விழுந்து பார்த்திருக்கலாம்.

பயமே கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். 1931இல் கோபன்ஹேகனில் லில்லியன் லைட்ஸல் என்ற பெரிய கலைஞர், வளையத்தைத் தாங்கிய உலோக இணைப்பு முறிந்து கீழே விழுந்து, இரண்டு நாளில் இறந்துபோனார். அதனால் ஒவ்வொரு முறையும் ஏணியில் கால் வைக்கும் முன் கொக்கியை விரலால் தடவிப் பார்க்கிறேன், பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறேன். பயத்துக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டேன்.

கை உரிந்த கதைக்கு வருகிறேன். ஆகஸ்டில் 'கேட்ச்' பழக ஆரம்பித்தோம். எதிர்ப் பாரில் ஒருவர் முழங்காலில் தொங்கியபடி ஆடி வருவார். நாமும் தொங்கியபடி போய்க் கையை நீட்ட வேண்டும், அவர் மணிக்கட்டைப் பிடிப்பார். எதிரே ஒரு ஆளைப் பார்த்ததும் பழைய நடுக்கம் திரும்பி, பாரை உடும்புப் பிடியாகப் பிடித்தேன். அப்படி இறுக்கினால் தோல் மடிந்து பிய்ந்துவிடும். இரண்டு வாரம் ஆறவிட்டு, போன சனிக்கிழமை மறுபடி போனேன். "அவர் கையை நீங்கள் பிடிக்கப் போகாதீர்கள். கையை நீட்டி வைத்திருங்கள், போதும். பிடிப்பது அவர் பாடு" என்றார்கள். நீட்டினேன். வெள்ளைப் பொடி அப்பிய இரண்டு கை வந்து என் மணிக்கட்டைச் சுற்றி மூடியது. முழங்கால் பாரை விட்டு நழுவியது. அடுத்த ஆட்டத்தில் நான் அவர் கையில் இருந்தேன்.

1982 ஜூலை 10இல் அமெரிக்காவின் டூசான் நகரில் மிகேல் வாஸ்கெஸ் என்பவர் அந்தரத்தில் நாலு குட்டிக்கரணம் போட்டார். மக்கள் முன்னால் அதைச் செய்த முதல் ஆள். பிடித்தது அவர் அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஜுவான். சுற்றியவர் பெயர்தான் எல்லோருக்கும் தெரிகிறது. எனக்கு இப்போது ஜுவானின் கைதான் பெரிதாகத் தெரிகிறது. என் தலைமுடியைப் பிடித்து இழுத்தபோது உனக்கும் 12 வயதுதானே.

ஒன்று மட்டும் மனசை அறுக்கிறது. தமுக்கத்தில் ஜிகினா உடுப்போடு பாரில் ஆடிய பெண்ணுக்கு நம் வயதுதான் இருக்கும், அல்லது குறைவு. கை வலிக்கத் தட்டினோம். கேரளத்துத் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கியதிலிருந்து எத்தனையோ பெரிய கலைஞர்கள் அந்த ஊரிலிருந்து வந்தார்கள். அந்தப் பெருமை பெருமைதான். ஆனால் அந்தப் பெண்ணிடம் யாராவது "அவசரமில்லை" என்று சொல்லியிருப்பார்களா? சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2011இல்தான் உச்ச நீதிமன்றம் தடை போடச் சொன்னது. அப்போது அவளுக்கு நம்மைப்போல முப்பது தாண்டியிருக்கும்.

பாப்பா இன்னும் பலகையில் ஏறவில்லை. நானும் கேட்பதில்லை. அவளாகவே துணியில் ஏறும் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். சில்க் என்று பெயர், உண்மையில் நன்றாக இழுபடும் நைலான் துணி. உத்தரத்திலிருந்து இரண்டு பட்டையாகத் தொங்கும். காலில் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டு ஏறுகிறாள். முதல் மாதம் முழுக்கத் தரையிலிருந்து இரண்டடிதான். இப்போது என் தலை உயரம். முழங்காலுக்குப் பின்னால் துணி உரசிச் சிவந்த தடம் இருக்கிறது, அதை எல்லோரிடமும் காட்டுகிறாள். சனிக்கிழமை என்னோடு வந்து என் கையில் பொடி தடவிவிட்டது அவள்தான்.

தை மாதம் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அவளுக்குக் கிணற்றைப் பார்க்க வேண்டுமாம். நான் உட்கார்ந்த அதே படியில் அவள் உட்காரட்டும், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். நான் மோட்டார் ரூம் மேலே ஏறுவேன். நீ தண்ணீருக்குள் இரு. பொங்கல் சமயத்தில் இப்போதெல்லாம் தண்ணீர் எந்தப் படிவரை நிற்கிறது என்று எழுது.

அன்புடன்,
உன் மாப்ளை